வரிசைக் குடம்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில், தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிரெய்லர்களுக்கு டோக்கன் கொடுக்கிற ஜானட்டை ஏமாற்றி முந்திப் போன டிரைவர் இதுவரை பிறக்கவில்லை. எண்ணூர் சாலையில் மூன்று கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கும். முன்னால் நிற்கிறவன் தூங்கிவிட்டான், சாப்பிடப் போயிருக்கிறான், அது என் மச்சான் வண்டிதான் என்று ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். இருபது வயதுப் பெண்தானே, பல்லைக் காட்டினால் விட்டுவிடுவாள் என்று ஒரு நினைப்பு. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "ஆளு இல்லாத வண்டி அனாத வண்டி. பின்னால போய் நில்லு" என்பாள். அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது.

வரிசை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை ராயபுரத்தில் தண்ணீர் லாரிக்கு நின்றவள். அந்த ஐந்து வருஷமும் அவளை வரிசையிலிருந்து விடுவிக்கிறேன் என்று வீட்டில் ஒரு விஞ்ஞானி பாடுபட்டுக்கொண்டிருந்தான். அவளைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், சாவியோ.

இந்த 2009-இல் அவன் தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். 'சயின்டிஸ்ட் சாவியோ எலெக்ட்ரிகல்ஸ்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. கடைக்கு வருகிறவர்களிடம், சின்ன வயதில் தங்கச்சிக்காகத் தான் செய்த மெஷின்களைப் பற்றி வாய் ஓயாமல் அளப்பான். எல்லாவற்றையும் சொல்வான், ஒன்றைத் தவிர. பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஜானட் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

சயின்டிஸ்ட் என்ற பட்டம் அவனுக்கு வந்ததே ஓர் அக்கிரமம். 1999-இல் வீட்டு டிரான்சிஸ்டர் திடீரென்று ஊமையாகிவிட்டது. பன்னிரண்டு வயது சாவியோ ஸ்பூன் காம்பால் அதைத் திறந்து, குடைந்து, மறுபடி மூடினான். மூன்று ஸ்க்ரூ மிச்சம். ஆனாலும் பெட்டி பாடியது. துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கயிறு கட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்த அப்பா இக்னேஷியஸ் அந்த மூன்று ஸ்க்ரூவையும் உள்ளங்கையில் வைத்துத் தெருவெல்லாம் காட்டினார்.

"பாத்தியா! மூணு ஸ்க்ரூ இல்லாம முன்னவிட ஷோக்கா பாடுது. கம்பெனிக்காரனுக்கே தெரியாதது எம் புள்ளைக்கு தெரிஞ்சுக்கீது. சயின்டிஸ்டுப்பா இவன்!"

உள்ளே தலைகீழாகக் கிடந்த பேட்டரியைத் திருப்பிப் போட்டது பத்து வயது ஜானட். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். "அண்ணனுக்கு ஒரு பேரு வந்தா உனுக்கு இன்னாடி எரியுது?" என்றாள் அம்மா பிலோமி. அன்றிலிருந்து வீட்டில் ஒரு பல்பு எரிந்தால் அது சாவியோவின் மூளை. ஒரு பல்பு போனால் ஜானட்டின் கை.

அம்மா விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவாள். அப்பாவுக்கு ஷிப்ட். ஆகவே தண்ணீர் ஜானட்டின் தலையில் விழுந்தது. யாரும் அதை முடிவு செய்யவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஒரு நாள் காலையில் குடம் அவள் இடுப்பில் இருந்தது, அப்புறம் தினமும் இருந்தது. மெட்ரோ வாட்டர் லாரி ஆறு மணிக்கும் வரும், ஒன்பது மணிக்கும் வரும்; அது பெரிய மனிதர்கள் சமாச்சாரம், நேரத்தைக் கேட்க நமக்கு யோக்யதை கிடையாது. தெருவில் இருபத்துமூன்று வீடுகள். வீட்டுக்கு ஒரு குடம் முன்னாலேயே வரிசையில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வரிசைக் குடம் என்று பெயர். அந்தக் குடத்தின் முறை வந்ததும் மற்ற குடங்களைக் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு சட்டம் உண்டு. சட்டத்தை எழுதி, காத்து, தண்டனையும் கொடுத்தவள் கீழ்வீட்டுத் தேவகிருபை அக்கா. லாரி வந்த பிறகு வரிசை நகர நகர, அவரவர் குடத்தை அவரவர் நகர்த்த வேண்டும். நகர்த்த ஆள் இல்லாத குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்துவிடுவாள்.

"ஆளு இல்லாத கொடம் அனாத கொடம்" என்பாள். "அனாதைக்கு லைன் கிடியாது."

ஆகவே குடம் மட்டும் போதாது. கூடவே ஒரு ஆளும் வேண்டும். எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போது ஜானட் பாதி நாள் குடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

"கவலய வுடு. உனக்கு ஒரு மெஷின் பண்றேன்" என்றான் சாவியோ.

முதல் மெஷின் தெருக்கோடி அடிபம்புக்கு. பம்பில் கொஞ்சமாவது தண்ணீர் வேகமாக வந்தால் லாரியை நம்ப வேண்டாம் என்பது அவன் கணக்கு. அது உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவத்தான் ஆகும் என்பதை ஜானட் சொன்னாள். விஞ்ஞானிகள் அற்ப விஷயங்களைக் காதில் வாங்குவதில்லை. அப்பாவின் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலிலிருந்து பம்பின் கைப்பிடிக்குக் கம்பியும் கயிறுமாக எதையோ இணைத்தான். ஜானட்டை ஏற்றி மிதிக்கச் சொன்னான். கைப்பிடி தானாக ஏறி இறங்கியது, தண்ணீர் கொட்டியது, தெரு கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் விஞ்ஞானிக்குத் தலை கால் புரியவில்லை. கைப்பிடிக்கு நேர் மேலே குனிந்து, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கூட்டத்துக்கு விளக்கப் போனான். கைப்பிடி மேலே வந்தது. முன்பல் இரண்டும் போயின. பம்பின் ஆணியும் முறிந்தது. பல்லும் திரும்ப முளைக்கவில்லை, பம்பும் ஒன்பது நாள் ஓடவில்லை.

"மெஷினு நல்லாத்தான் இருந்துது" என்றார் அப்பா, ரத்தத்தைத் துடைத்துவிட்டபடி. "இவதான் கண்ணு மண்ணு தெரியாம மிதிச்சுட்டா."

இரண்டாவது மெஷின் மழைக்கு. துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஒரு தார்ப்பாயை அப்பா கொண்டுவந்திருந்தார். அதை மொட்டை மாடியில் நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டையில் ஒரு குழாயைச் செருகி, குழாயைக் கீழே டிரம்முக்குள் விடுவது திட்டம். கட்டியது ஹார்பர் முடிச்சு. அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த ஒரே சொத்து அதுதான். பாரம் தொங்கத் தொங்க இறுகிக்கொண்டே போகும். பாரத்தைத் தளர்த்தி, இரண்டு கையாலும் கண்ணியைப் பின்னால் தள்ளினால்தான் அவிழும். அதை ஜானட் ஒரே நாளில் கற்றாள். சாவியோவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. குழாய் வாயில் காக்கை இறகு அடைத்துக்கொண்டது. தார்ப்பாய் வயிறு பெருத்துத் தொங்கியது. முடிச்சுகள் நாலும் அசையவில்லை. கைப்பிடிச் சுவர்தான் பெயர்ந்துகொண்டு வந்தது. மாடியிலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த அம்மாவின் கருவாடு முழுவதும் படிக்கட்டு வழியாக நீந்தித் தேவகிருபை அக்காவின் வீட்டுக்குள் போனது. அவள் ஒரு மாதம் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டுதான் சமைத்தாள். அப்பா என்ன சொன்னார் என்கிறீர்கள்? இடிந்த சுவரோடு கிடந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்து, "முடிச்சு அவுரல பாரு! நான் சொல்லிக் குடுத்ததுடா!" என்றார். இப்படிப்பட்ட தகப்பன் வாய்த்தால் எந்தப் பிள்ளைதான் விஞ்ஞானி ஆகாது?

இதற்குள் 2004 ஜனவரி வந்துவிட்டது. ஊரில் ஏரி குளமெல்லாம் காய்ந்து, லாரியைத் தவிர வேறு கதியில்லாத வருஷம். ஜானட் பத்தாம் வகுப்பு. சாவியோ முந்தின வருஷமே பத்தாவது எழுதி, கணக்கிலும் வரலாற்றிலும் கோட்டை விட்டு, அறிவியலில் மட்டும் முப்பத்தேழு வாங்கியிருந்தான். அந்த முப்பத்தேழைச் சொல்லித்தான் இன்னும் சயின்டிஸ்டாக நடமாடினான். டுட்டோரியல் பத்து மணிக்கு. எட்டு வரை குறட்டை.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை சிஸ்டர் ஜானட்டைக் கூப்பிட்டார். தாமத நோட்டில் அவள் பெயர் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

"எத்தனை தடவை சொல்றது? திங்கள்கிழமையிலேருந்து ஒரே ஒரு நாள் மணி அடிச்சப்புறம் வந்தாலும் ஹால் டிக்கெட் கிடையாது. டி.சி. வாங்கிக்கிட்டுப் போயிடலாம்."

"தண்ணி லாரி சிஸ்டர்..."

"எல்லார் வீட்டுக்கும்தான் தண்ணி வருது."

ஆமாம், எல்லார் வீட்டுக்கும் வருகிறது. யார் போய்ப் பிடிக்கிறார்கள் என்று அந்த நோட்டில் எழுத ஒரு கட்டம் இல்லை. ஜானட் வீட்டுக்கு வந்து அழுதாள். அம்மா மாதாவிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னாள். அப்பா, "டீச்சருங்கன்னா அப்டித்தான் மெரட்டுவாங்க" என்றார். சாவியோ ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஜானட் பென்சிலைப் பிடுங்கத்தான் போனாள். ஆனாலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நம்பினாள். ஹால் டிக்கெட் போகிறது என்கிறபோது யாரைத்தான் நம்பமாட்டோம்?

சனிக்கிழமை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய பால் பேரிங்குகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தான். ஆறு பலகைகள், பலகைக்குச் சக்கரமாக நாலு பேரிங். ஒன்றோடு ஒன்றைக் கொக்கி போட்டு மாட்டினால் ரயில் மாதிரி நீளமாக நின்றது. பலகைக்கு நாலு குடம் உட்காரலாம். தெரு முழுவதும் வேடிக்கை பார்த்தது.

"இனிமே யாரும் கொடத்த நகத்த வாணாம்" என்றான் சாவியோ, பல் இல்லாத இடத்தில் காற்று புஸ்ஸென்று போக. "இந்தக் கயித்த ஒரு இஸ்ப்பு இஸ்த்தா மொத்த லைனும் ஒரு கொடம் நகந்துரும். ஆளே தேவயில்ல."

"கயித்த யாரு இஸ்ப்பா?" என்றாள் ஜானட்.

அவன் யோசித்தான். "நீதான்."

"அதுக்குத்தானடா இப்பயே நின்னுகினு கீறேன்!"

கூட்டம் சிரித்தது. விஞ்ஞானிக்குக் கோபம் வந்துவிட்டது. இரு, அதற்கும் வழி இருக்கிறது என்றான். கயிற்றின் நுனியை லாரியின் பின்பக்க ஏணியில் கட்டிவிடலாம். தண்ணீர் பிடித்து முடிக்கிறவள் அவிழ்த்து, ஒரு இழு இழுத்து, மறுபடி கட்டிவிட்டுப் போகட்டும். தேவகிருபை அக்கா நெற்றியைச் சுருக்கினாள். ஆனால் அவளுக்கும் முட்டி வலி. சட்டத்தில் ஒரு திருத்தம் செய்ய ஒப்புக்கொண்டாள்: வண்டியில் ஏறின குடம் அனாதைக் குடம் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து எல்லாரும் நல்ல துணியோடு வந்து நின்றபோது லாரி வந்தது. டிரைவர் தவசிமுத்து வழக்கம்போலத் தெருமுனையில் பாதி வண்டி மெயின் ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்க நிறுத்திவிட்டு, பின் குழாயைத் திறந்துவிட்டு சீட்டில் சாய்ந்துகொண்டார். இருபத்துமூன்று குடமும் ரயிலில் ஏறின. முதல் நாள் என்பதால் சாவியோவே அவிழ்த்து, இழுத்து, கட்டினான். என்ன முடிச்சு என்று கேட்க வேண்டுமா? சாதாரண முடிச்சு நழுவிவிடும் என்று ஹார்பர் முடிச்சே போட்டான்.

ஐந்து வீடு தண்ணீர் பிடித்தது. ரயில் சொன்னபடி நகர்ந்தது. ஜானட்டுக்கு முதல்முறையாக அண்ணனைப் பார்த்துச் சிரிக்கலாம் போலிருந்தது. நாளைக்கு ஏழரைக்கே கிளம்பிவிடலாம், பிரேயருக்கு முன்வரிசையில் நிற்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

அப்போது துறைமுகத்திலிருந்து ஒரு கன்டெய்னர் டிரெய்லர் வந்து, திரும்ப இடமில்லாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றது. தவசிமுத்து ஒரு பத்தடி முன்னால் நகர்த்தலாம் என்றுதான் வண்டியை எடுத்தார். பத்தடியில் நிறுத்த இடமில்லை; பின்னால் டிரெய்லர், அதன் பின்னால் இன்னொன்று. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மிச்சமிருந்த பதினெட்டு வீட்டு வரிசைக் குடமும் லாரிக்குப் பின்னால் கடகடவென்று மெயின் ரோட்டில் ஊர்வலம் கிளம்பின.

"நிறுத்துய்யா! டேய், கொடம்டா! ஏய் தவசி!" பூசைப் புடவைகளோடு இருபது பெண்கள் பின்னால் ஓடினார்கள். சாவியோ எல்லாருக்கும் முன்னால் ஓடி ஏணியைப் பிடித்துத் தொங்கினான். முடிச்சை அவிழ்க்க அவனால் ஆகவில்லை. இழுபடுகிற பாரத்தில் அது இரும்பாக இறுகிவிட்டிருந்தது. ஒரு கை ஏணியில் இருக்க, இன்னொரு கையால் என்ன செய்வான்? திருப்பத்தில் முதல் பலகை குப்புற விழுந்தது. அடுத்தடுத்து எல்லாம். பச்சை, நீலம், சிவப்பு என்று குடங்கள் ரோட்டில் உருண்டோட, சாவியோவும் கீழே விழுந்து தாடையைப் பிளந்துகொண்டான். பின்னால் வந்த டிரெய்லர் ஐந்து குடங்களை அப்பளமாக்கியது. சிக்னலில் இறங்கி வந்து பார்த்த தவசிமுத்து முடிச்சோடு மல்லுக்கட்டித் தோற்று, கத்தியால் கயிற்றை அறுத்துப் போட்டார்.

குடம் போனதுகூடப் பெரிதில்லை. வரிசை போய்விட்டது. எது யாருக்குப் பின்னால் இருந்தது என்று குடம் நின்ற இடம்தான் சாட்சி. இப்போது ஒன்பது பச்சைக் குடம் ஒரே மாதிரி மண்ணில் கிடந்தது. ஏற்கெனவே பிடித்து முடித்த வீடுகளும் சேர்ந்துகொண்டு, இருபத்துமூன்று வீடும் தன் குடம்தான் அடுத்தது என்று சத்தியம் செய்தன. பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு காயுமுன்னே வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. இந்த அமளியில் மிச்சத் தண்ணீரோடு லாரி வேறு தெருவுக்குப் போய்விட்டது.

மதியம் தேவகிருபை அக்கா தீர்ப்புச் சொன்னாள். "ஈஸ்டர் வரிக்கும் இக்னேசு வூட்டுக் கொடம் கடசி. இருவத்திரெண்டு வூட்டுக்கு அப்பால. அதுவும் ஆளோட. அந்த மெஷினு கிஷினுன்னு எதுனா தெருப்பக்கம் வந்துது, ஒடச்சுருவேன்."

கடைசிக் குடம் என்றால் லாரி ஆறு மணிக்கே வந்தாலும் ஒன்பதாகிவிடும். ஈஸ்டர் ஏப்ரலில். தேர்வு மார்ச்சில். ஜானட் அதைச் சொன்னபோது வீட்டில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். நன்றாகவே வருத்தப்பட்டார்கள். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏழைக்கு படிப்பு எழுதல போல. நான் வியாபாரத்த வுட்டுட்டு நிக்க முடியுமாடி? நைனாவுக்கும் ஷிப்ட்டு."

"அந்த முடிச்சு லாரி இஸ்த்தும் அவுரலியாமே?" என்று அப்பா சாவியோவிடம் மெதுவாகக் கேட்டார்.

சாவியோ தாடையில் பிளாஸ்திரியோடு தரையில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சுபோச்சு ஜானட். பிரேக்கு வச்சுருக்கணும். இந்த தபா பாரு..."

திங்கட்கிழமை காலை. அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், அவரும் போய்விட்டார். ஜானட் குளித்து, இரட்டைச் சடை பின்னி, யூனிபார்ம் போட்டுக்கொண்டு, குடத்தைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போகிற வழியில் சாவியோவின் காலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவன் குப்புறப் படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பக்கத்தில் அந்தக் காகிதம். பிரேக், பல் சக்கரம், பேட்டரி என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காலிலிருந்து தலை வரை பார்த்தாள். ஐந்து வருஷமாகத் தினமும் இந்தக் காலைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். ஐந்து வருஷமாக ஒருமுறைகூட, அம்மாவுக்கோ, அப்பாவுக்கோ, தேவகிருபை அக்காவுக்கோ, சிஸ்டருக்கோ, ஏன், வாய்க்கு வாய் அவனைத் திட்டித் தீர்த்த அவளுக்கோகூட, இது தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன்மீது வந்த கோபத்தைவிடத் தன்மீதே வந்த கோபம் அதிகமாக இருந்தது.

அறுபட்டு வந்த நைலான் கயிற்றில் மூன்று முழம் எடுத்தாள். ஒரு நுனியைக் குடத்தின் கழுத்தில் கட்டினாள். மறுநுனியைத் தூங்குகிறவனின் இடது மணிக்கட்டில் கட்டினாள். இரண்டிலும் ஹார்பர் முடிச்சு. வீட்டிலிருந்த கத்தரிக்கோல், பிளேடு, காய் நறுக்கும் கத்தி மூன்றையும் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டாள். பிறகு காலால் அவனை ஓர் இடி இடித்தாள்.

சாவியோ எழுந்தான். கையோடு குடமும் எழுந்தது. "இன்னாடி இது?"

"மெஷினு" என்றாள் ஜானட். "ரெண்டு காலு கீது. ரெண்டு கையி கீது. கரண்டு வாணாம், பேரிங்கு வாணாம். லைன் நகந்தா அதுவே நகரும். நாந்தான் கண்டுபிடிச்சேன்."

"வெளாடாத. அவுரு. பொம்பளைங்க லைன்ல நான் நின்னா தோஸ்துங்க கலாய்ப்பானுங்க. மானம் போயிரும்டி!"

"எனுக்கு ஹால் டிக்கெட்டு போவுது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் பின்னால் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அவள் திரும்பவில்லை.

அப்புறம் நடந்ததைத் தேவகிருபை அக்கா வருஷக்கணக்கில் நடித்துக் காட்டினாள். விஞ்ஞானி ஒரு கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தானாம். இழுக்க இழுக்க இறுகியது. பல்லால் கடித்து இழுக்கலாம் என்றால் கடிக்கிற இடத்தில் பல் இல்லை. கடைசியில் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, "அக்கா, இத்த கொஞ்சம் அவுத்து வுடுக்கா" என்று கெஞ்சினானாம். அக்கா முடிச்சைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்தினி வருஷத்துல இப்பத்தாண்டா உங்க வூட்டுக் கொடத்துக்கு சரியான ஆளு வந்துகீது. போ, கடசில நில்லு."

இருபத்திரண்டு குடத்துக்குப் பின்னால், பத்தே கால் மணி வரை சாவியோ நின்றான். தோஸ்துகள் நாலு பேர் எதிர் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் விசிலடித்தான். தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் அக்கா கயிற்றை அறுத்துவிட்டாள். டுட்டோரியல் போயிற்று. அங்கே பள்ளிக்கூடத்தில் எட்டே முக்கால் மணி அடித்தபோது ஜானட் பிரேயரில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தாமத நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டர் அவளைத் தாண்டிப் போனார்.

சாயங்காலம் வீட்டில் தண்ணீர் இருந்தது. சாவியோ மூலையில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சிவந்த வளையமாகத் தடம். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே ஆரம்பித்தாள்.

"ஆம்பளப் புள்ளய போய் இப்டியாடி பண்ணுவ? தெருவே சிரிக்குது."

"நான் நின்னப்போ தெரு சிரிச்சுதாம்மா?" என்றாள் ஜானட்.

அம்மா குழம்பைக் கிண்டினாள்.

சாவியோ தலையைத் தூக்கினான். அவன் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே மனம் நொந்துபோன குரல். அதுதான் ஜானட்டுக்குத் தாங்கவில்லை.

"கேட்டுருந்தா நானே நின்னுருப்பேன்ல ஜானட்? ஒரு வார்த்த நீ கேக்கவே இல்லியே."

அவன் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நின்றிருப்பான். அவள் கேட்கவே இல்லை, அதுவும் நிஜம்தான். ஜானட் பையைத் திறந்து கத்தரிக்கோலையும் பிளேடையும் கத்தியையும் ஒவ்வொன்றாக எடுத்து இருந்த இடத்தில் வைத்தாள்.

"என்ன யாருடா கேட்டாங்க?" என்றாள்.

சாவியோ அந்தப் பிரேக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தான்.

மறுநாள் காலை ஜானட் எழுந்து முகம் கழுவிவிட்டுக் குடத்தைத் தேடினாள். வீட்டில் குடம் இல்லை. வாசலுக்குப் போகிற வழியில் தாண்டுவதற்குக் காலும் இல்லை.